தூங்கும் கேப்டன்

"பிளேன் பறக்கும்போது டீச்சரம்மா தூங்கினா இன்னா மேடம் அர்த்தம்?"

எடுத்த எடுப்பிலேயே எகிறினார் சின்னசாமி. ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் இருபது வருஷ சூப்பர்வைசர். அவர் வந்து முதுகுக்குப் பின்னால் நின்றாலே தையல் மெஷின்காரர்கள் பயத்தில் நூலை அறுத்துவிடுவார்கள். அப்படி நின்றால்தான் வேலை நடக்கும் என்பது அவர் கட்சி.

வேலூர் பக்கத்து விமானப் பயிற்சிப் பள்ளியின் கேப்டன் நிஷா, நாற்காலியைக் காட்டினாள்.

"உட்காருங்க சார். நந்தினி சொன்னாளா?"

"என் பொண்ணு சிரிச்சிக்கினே சொல்லுது. 'மேடம் கூலிங் கிளாஸ் போட்டுக்கினு தூங்கிடுவாங்கப்பா, நானேதான் ஓட்டறேன்'னு. அடுத்த வாரம் அவ தனியா ஓட்டணும். வேற ஆளை மாத்திக் குடுங்க. எழுதியே தர்றேன்."

"தாராளமா எழுதுங்க."

கோபத்தில் பேனா கை நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் கண்ணில் நிஷாவின் ஷூ பட்டது. தொழில் புத்தி சும்மா இருக்குமா?

"இன்னாம்மா, சோல் அப்பளம் மாதிரி இருக்குது! எந்தக் கம்பெனி இப்படிப் போடுது?"

"நான்தான் சீவிக் குடுக்கச் சொன்னேன் சார்."

"எதுக்கு?"

நிஷா கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பிளேன்ல ரெண்டு பேர் கால்கிட்டயும் பெடல் இருக்கு. அவ மிதிச்சா என்னோடதும் அசையும். சோல் மெல்லிசா இருந்தா உடனே தெரியும். தப்பா மிதிச்சா அந்த நிமிஷமே பிடிச்சிடுவேன்."

"அப்ப தூங்கல?"

"கண்ணாடிக்குள்ள கண்ணு முழிச்சிக்கிட்டுத்தான் இருக்கும். நான் பார்க்கறேன்னு தெரிஞ்சா அவ பெடலைத் தப்புத் தப்பா மிதிக்கறா சார். பார்க்கலன்னா ஜோரா ஓட்டறா. சின்ன வயசுலேர்ந்தே யாரோ பின்னாடி நின்னு பார்த்துக்கிட்டே இருந்திருக்காங்க போல. தயவுசெஞ்சு அவகிட்ட சொல்லிடாதீங்க."

சின்னசாமிக்குச் சுருக்கென்றது. நந்தினி கணக்குப் போடும்போதெல்லாம் பின்னால் நின்றது யார் என்று அவருக்குத் தெரியாதா?

பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு எழுந்தார்.

வெளியே நந்தினி தவிப்போடு நின்றிருந்தாள்.

"இன்னாப்பா, மேடத்தை மாத்திட்டீங்களா?"

"எங்க மாத்தறது? என்கிட்ட பேசும்போதே ரெண்டு தபா தூங்கி விழறாங்க! அவங்கள நம்பாத கண்ணு. நீயே ஓட்டு."