செவ்வாய் நிலவரம்

1956 செப்டம்பர். மகள் தாணம்மாளின் கல்யாணத்துக்கு நாள் குறிக்க நாகர்கோவிலுக்கு வந்த ஆறுமுகப்பெருமாள், மாப்பிள்ளை வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே மாப்பிள்ளை மாதேவன் நண்பனிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"செவ்வாய் நாம நெனச்ச மாதிரி இல்லலே. ரொம்ப மோசம். அங்க உயிர் தங்காது."

தாணம்மாளின் ஜாதகத்தைத் தான் திருத்தியது தெரிந்துவிட்டது என்றே நினைத்தார் ஆறுமுகப்பெருமாள். உள்ளே போய் மாதேவனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ளே, மவளுக்குச் செவ்வாய் தோஷம் உண்டு. நாந்தான் மறைச்சேன். கல்யாணத்த மட்டும் நிறுத்திராதீங்க."

மாதேவன் திகைத்தான்.

"மாமா, நான் காலேஜுல பிஸிக்ஸ் நடத்துகேன்லா? இந்த மாசம் செவ்வாய் கிரகம் பூமிக்குப் பக்கத்துல வந்திருக்கு. தொலைநோக்கில பாத்தோம். அதோட தரையப் பத்தித்தான் பேசிட்டிருந்தோம். அங்க வெறும் கல்லும் குளிரும் புழுதிக் காத்தும்தான். அது யாரை என்ன செய்யப்போகுது?"

ஆறுமுகப்பெருமாளுக்கு மூச்சு வந்தது. நாளையும் குறித்துக்கொண்டு படியிறங்கினார்.

பின்னாலேயே வந்த மாதேவனின் முகம் வெளிறியிருந்தது. நண்பனுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினான்.

"மாமா, அவளுக்குச் செவ்வாய் ஏழாம் எடத்துலயா, எட்டாம் எடத்துலயா?"