ஒன்பது குழாய்கள்

“என்ட கண்ணுக்கு முன்னால எடுங்க, வதனியக்கா.”

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று சுகாதார வேலைப் பயிற்சியில் விதுர்ஷாவுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். குச்சியையும் குழாயையும் கொடு, வெளியே நில், அந்தப் பெண்ணே மாதிரியை எடுக்கட்டும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனை என்றால் ஒருத்தியும் கிளினிக் பக்கம் வராத ஊருக்கு அதுதான் வழி.

இன்றைக்கு இது ஒன்பதாவது வீடு. முதல் எட்டிலும் கதவைச் சாத்தியிருந்தார்கள். கால் உளைந்தது.

வதனி றால் உரித்த கையை உதறினாள். “கலியாணம் முடிக்காத புள்ள கேக்கிற கேள்வியாகா இது?”

இந்தப் பேச்சுக்குப் பயந்துதான் போன மாதம் விதுர்ஷா குழாய்களைத் தன் அம்மாவிடம் கொடுத்து அனுப்பினாள். பட்டியலில் இருந்தது முப்பத்தைந்து வயதுக்காரர் ஒன்பது பேர். காலையில் பையோடு போன அம்மா, மத்தியானச் சோறு வேகுமுன் ஒன்பதையும் கொண்டுவந்து தந்தாள். “உன்ட வேலை நிரந்தரமாகட்டும் மகள்” என்று சாமிப் படத்துக்கு முன்னால் வேறு வைத்து எடுத்தாள்.

நேற்று முடிவு வந்தது. ஒன்பதிலும் கிருமி.

“ஒம்பது பேருக்கும் ஒண்டா எப்பிடி அக்கா வரும்? பிழை எண்டு ஆஸ்பத்திரியில சண்டை பிடிச்சன். திரும்ப எடுத்துத் தாங்க எண்டுறாங்க.”

“எனக்கு ஒண்டும் இல்லகா. நீ போ.”

கிருமி என்று சொல்லியும் ஊரில் ஒருத்தியின் கண்ணும் கலங்கவில்லை. அதுதான் விதுர்ஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எப்பிடித் தெரியும்? நீங்க டொக்டரா? கம்பஸ் முடிச்சுப்போட்டு உங்கட வாசலில வந்து கெஞ்சிக்கொண்டு நிக்கிறன். கவனிக்காம விட்டா ஒருநாளைக்குப் புற்றா மாறலாம். உங்கட புள்ளைகள ஆரு பாக்கிறது?”

வதனியின் குரல் இறங்கியது. “கத்தாதகா. நாங்க ஒருத்தரும் எடுக்கல்ல. வெக்கமாக் கிடந்திச்சு. வெறும் குழாயாத்தான் உன்ட அம்மாட்ட திருப்பிக் குடுத்தம்.”

விதுர்ஷா பையைத் தோளில் போட்டு, வாசல் படலையைத் தாண்டி நடந்தாள்.

வீட்டில் அம்மா சோற்றைப் போட்டு வைத்துக் காத்திருந்தாள். நாற்பத்தேழு வயது. எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாதவள்.

விதுர்ஷா உள்ளே ஏறவில்லை.

“சீலைய மாத்திட்டு வாங்கம்மா, ஆஸ்பத்திரிக்கு. அந்த ஒம்பதும் உங்கடதான்.”