துவரை இருந்த இடம்

டிராக்டர் ஏறி ஏறி இறுகிப்போன மிளகாய்க் கொல்லையில் வெகுநாள் கழித்து மழை பெய்தது. விழுந்த தண்ணீரெல்லாம் உள்ளே இறங்க வழியில்லாமல் வாய்க்காலைப் பார்த்து ஓடியது. ஒரு துளி மட்டும் சின்னப் பொந்து ஒன்றில் இடறி விழுந்து, வழுக்கிக்கொண்டே போய், முழ ஆழத்தில் காய்ந்து கிடந்த மிளகாய் வேரின் மேல் நின்றது. பின்னாலேயே இன்னும் நூறு துளிகள் வந்தன.

“வந்தியா சாமி! இன்னும் ஒரு நாள் போயிருந்தா கருகியிருப்பேன். உனக்குக் கோடிப் புண்ணியம்,” என்றது வேர்.

“எனக்கு எதுக்கு? நான் இடறி விழுந்தவன். வழி விட்டது இந்தப் பொந்துதான்,” என்றது துளி.

பொந்துக்குக் கூச்சமாகிவிட்டது. “ஐயோ, நான் வெறும் காலியிடம். போன வருஷம் இங்க ஒரு துவரைச் செடி இருந்துச்சு. முட்டி முட்டி வேர் விட்டுச்சு. அந்த வேர் மக்கிப்போன இடந்தான் நான்.”

மிளகாய் வேர் வயிறு நிறையக் குடித்தது. பிறகு பொந்தை விட்டு விலகி, பக்கத்தில் கல்லாய்க் கிடந்த மண்ணில் தன் நுனியை வைத்து அழுத்தியது.

“அங்க ஏன் முட்டுற? அங்க வழியே இல்லையே,” என்றது துளி.

“இப்ப இல்ல,” என்றது வேர். “நான் போன பிறகு இருக்கும்.”