மணி சுமக்கும் தோள்

"பிள்ளைக்குக் காய்ச்சல், எஜே. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகாது" என்றாள் பிள்ளையின் தாய் நூர்சாதா.

செவ்வாய்க்கிழமை மாலை அது. முற்றத்தில் அந்தப் பிள்ளை கயிறு தாண்டிக்கொண்டிருந்தது. ஆசிரியை புரூலும் பார்த்தாள், நூர்சாதாவும் பார்த்தாள். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மூத்தவளை அழைக்கும் அந்த 'எஜே'யில் மரியாதை குறையவில்லை. கதவுதான் பாதிக்கு மேல் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளியின் 'கடைசி மணி' விழா. பதினோராம் வகுப்பை முடித்து வெளியேறும் மாணவன் ஒருவன், முதல் வகுப்புச் சிறுமி ஒருத்தியைத் தோளில் ஏற்றிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வருவான். அவள் வெண்கல மணியை ஆட்டுவாள். அந்த ஓசையோடு ஆண்டு முடியும். யாருடைய தோள் என்பதை மதிப்பெண் தீர்மானிக்கும். இந்த ஆண்டு முதலிடம் ஷெராலிக்கு.

ஷெராலி லூலி இனத்துப் பையன். ஓஷ் நகரின் விளிம்பில் பழைய இரும்பு பொறுக்கிப் பிழைக்கும் அந்த மக்களின் குடியிருப்பிலிருந்து பதினோராம் வகுப்பு வரை வந்து சேர்ந்தவன் அவன் ஒருவனே. அவன் தாய் வெள்ளைச் சட்டை ஒன்றைத் தைத்து, குடியிருப்பு முழுக்கக் காட்டிவிட்டாள்.

புரூல் அவனுடைய வகுப்பாசிரியை. பள்ளியின் சமத்துவக் குழுவுக்கும் அவளே பொறுப்பு. 'இங்கே வேற்றார் எவருமில்லை' என்று பள்ளி வாசலில் எழுதி வைத்தவள். ஆறாம் வகுப்பில் அவனருகில் உட்கார எல்லோரும் மறுத்தபோது, அவனுடைய நாற்காலியைத் தன் மேசையோரம் போட்டுக்கொண்டு ஓர் ஆண்டு முழுவதும் பாடம் நடத்தியவள். இப்போதும் அவன் தோளில் ஏற ஒரு சிறுமியைக் கேட்டுத்தான் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு வீட்டில் பிள்ளைக்கு உயரம் என்றால் பயம் என்றார்கள். இன்னொரு வீட்டில் மணி கனமாக இருக்குமே என்று கவலைப்பட்டார்கள். ஒருத்தி மட்டும் குரலைத் தாழ்த்தி, பேன் ஏறிவிட்டால் யார் பார்ப்பது என்று கேட்டாள். அவள் கொடுத்த தேநீரைக் குடிக்காமலே புரூல் எழுந்து வந்துவிட்டாள்.

எட்டாவது வீடு வாடகைக் கார் ஓட்டும் மெலிஸுடையது. அவன் மூடி மறைக்கவில்லை. ஷெராலி நல்ல பையன், தன் மகளுக்கும் ஒரு குறையும் வராது, ஆனால் தெருவில் பேசுவார்களே என்றான்.

புரூல் அவனுக்கு ஒரு கதை சொன்னாள். ஒரு மந்தை ஆடுகள் தாகத்தோடு ஆற்றங்கரைக்கு வந்தன. எந்த ஆடு முதலில் இறங்கும் என்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே நின்றன. பொழுது சாய்ந்தது. அத்தனையும் தாகத்தோடு திரும்பின.

மெலிஸ் கதையை மரியாதையோடு கேட்டான். "நல்ல கதைதான், எஜே. வேற ஒரு ஆடு முதல்ல இறங்கட்டும். நான் பின்னாலேயே இறங்குறேன்" என்றான்.

மறுநாள் தலைமையாசிரியர் தாலந்த், என்ன ஆயிற்று என்று விசாரித்தார். எட்டுப் பேரும் மறுத்துவிட்டதைப் புரூல் சொன்னாள்.

"வேற யாரும் இல்லையா?" என்று கேட்டார்.

"இல்லை."

தாலந்த் அவளைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாலைக்குள் ஒரு சிறுமி கிடைக்காவிட்டால் இரண்டாம் இடத்துப் பக்கீத்தான் மணிக்காரியைச் சுமப்பான் என்றார். பக்கீத் என்றால் எட்டு வீட்டுக் காய்ச்சலும் பயமும் ஒரே நாளில் தீர்ந்துவிடும் என்பது இருவருக்கும் தெரியும்.

மாலை வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. மதிய இடைவேளையில் ஷெராலியே தலைமையாசிரியரின் அறைக்குச் சென்று, இரும்பு ஏற்றும்போது தோள் பிசகிவிட்டது, பக்கீத்தே சுமக்கட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டான்.

செய்தி கேட்ட புரூல் அவனை நடைவழியில் பிடித்து நிறுத்தினாள்.

"எந்தத் தோள்?"

அவன் சிரித்தான். "எதைச் சொன்னா நம்புவீங்க, எஜே?"

"விளையாடாதே. உன் அம்மா சட்டை தைச்சு வெச்சுட்டுக் காத்திருக்காங்க. ஊர் சொல்லுறதுக்கு முந்தி நீயே விலகிட்டா, அவங்க சொன்னதெல்லாம் சரின்னு ஆயிடாதா? உனக்காக எத்தனை வாசல் ஏறினேன், தெரியுமா?"

"எட்டு வாசல். மெலிஸ் மாமா கார்ல வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டிருக்காரு. ஆட்டுக் கதையையும் சேர்த்து." சிரிப்பை விட்டுவிட்டுத் தொடர்ந்தான். "எங்களுக்காக இதுவரை யாரும் ஒரு வாசல்கூட ஏறினதில்ல. அதை நான் மறக்க மாட்டேன்."

"அப்படின்னா போய் அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்கு. சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு. யாராவது ஒருத்தர் மனசு மாறுவாங்க."

ஷெராலி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போது முதல் வகுப்பின் கதவு திறந்தது. சிறுமிகள் ஒன்பது பேரும் தலையில் வெள்ளை ரிப்பன் அசைய வெளியே வந்தார்கள். கடைசியாக வந்தவள் வரிசையை விட்டு விலகி ஓடிவந்து புரூலின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, வீட்டுக்குப் போலாமா?"

புரூலின் கை, அவள் அறியாமலே, மகளைத் தன் மறுபக்கம் இழுத்துக்கொண்டது.

ஷெராலி அதைக் கண்டும் காணாதவன்போல் ஓரடி பின்னால் நகர்ந்தான். "ஒன்பதாவது வாசல்ல உங்களை நிக்க வைக்கக் கூடாதுன்னுதான், எஜே, தோள் வலின்னு எழுதிக் கொடுத்தேன்" என்றான்.