பன்னிரண்டு போண்டாவும் இரண்டு மேலாளர்களும்

டீக்கடை எண்ணெய்ச் சட்டியில் விழுந்ததும் குண்டுப் போண்டாவுக்குக் குஷி தாங்கவில்லை. குமிழிகள் கிச்சுகிச்சு மூட்ட, சுற்றிச் சுற்றி ஆடியது. அதைத் திருப்பிவிட வேண்டிய இரண்டு பேரும் மேலே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"குத்திக்கிட்டே இருந்தாத்தான் பயலுக ஒழுங்கா வேகுவானுங்க," என்றது இரும்புக் கம்பி.

"சுதந்திரமா மிதக்க விடணும்யா. நான் எல்லார் குறையையும் கேக்குறவன். பாரு, உடம்பெல்லாம் காது!" என்று தன் ஓட்டைகளைக் காட்டியது ஜல்லிக்கரண்டி.

"அண்ணே, அடிப்பக்கம் கருகுது! யாராவது திருப்பி விடுங்க!" என்று அலறியது போண்டா.

"இருடா, முதல்ல நிர்வாகக் கொள்கையை முடிவு பண்ணிக்கிறோம்," என்றன இரண்டும்.

பொறுத்துப் பார்த்த போண்டா ஒரே எம்பாக எம்பிக் குட்டிக்கரணம் போட்டது. அதைப் பார்த்து மற்ற பதினொன்றும் டப் டப்பென்று புரண்டன. சட்டி முழுக்கப் பொன்னிறம்!

"பாத்தியா, என் கண்டிப்பு!" என்றது கம்பி.

"போய்யா, நான் குடுத்த சுதந்திரம்!" என்றது கரண்டி.

அடுத்த ஈடு எண்ணெயில் விழுந்தது. "அண்ணே, இங்க யார் பேச்சைக் கேக்கணும்?" என்றது புதுப் போண்டா ஒன்று.

தட்டில் மொறுமொறுவென்று உட்கார்ந்திருந்த குண்டுப் போண்டா சிரித்தது.

"ரெண்டு பேர் பேச்சையும் கேளு, நல்லாத் தலையாட்டு. முதுகு சுட்டதும் புரண்டுடு!"