மண்புழுத் திருடன்

"நம்ம வயல்ல திருட்டு நடக்குது."

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. புருஷனுக்கு ஊரில் 'சிஐடி' என்று பேர். போன மாதம் தபால்காரர் மேல் சந்தேகம். அதற்கு முந்தின மாதம் பக்கத்து வீட்டு ஆட்டின் மேல்.

"என்ன காணோம்?"

"மண்புழு."

அவள் இப்போது நிமிர்ந்தாள். "எண்ணி வெச்சிருந்தீங்களா?"

"சிரிக்காத. நாளைக்கு மேடம் வர்றாங்க. ஒரு மண்வெட்டி மண்ணுல பத்துப் புழு இல்லேன்னா நம்ம கதி என்னன்னு உனக்கே தெரியும்."

தெரியும். ரசாயன உரமும் பூச்சி மருந்தும் இல்லாமல் ஒரு பருவம் பயிர் செய்தால் சொட்டுநீர்க் குழாய் இலவசம், விதை பாதி விலை, விளைந்ததை ஆலையே கூடுதல் விலைக்கு எடுத்துக்கொள்ளும் என்று வேளாண்மை அதிகாரி அறிவித்திருந்தார். மூன்றும் சேர்ந்துதான் வரும், ஒன்று மட்டும் கேட்டால் கிடையாது. மண் நிஜமாகவே மாறியிருக்கிறதா என்பதற்கு மண்புழுதான் சாட்சி. இவர்கள் கிணறோ கோடை வந்தால் வறண்டுவிடும். குழாய் வராவிட்டால் அடுத்த வருஷம் விவசாயமே இல்லை. வீட்டில் மூன்று வயிறு.

"யாரு எடுக்குறாங்களாம்?"

"வேற யாரு? உன் மச்சாண்டார்தான்."

பெரியப்பா மகன். ஒரே வரப்பு, இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அவர். கல்யாணம் காட்சி எதுவும் பண்ணிக்கொள்ளாத ஒண்டிக்கட்டை. அவரும் இதே திட்டத்தில் சேர்ந்திருந்தார். வரப்பை அரை அடி நகர்த்திவிட்டார் என்று மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

"விடியக்காலையில வாளியோட நம்ம வயல்லேருந்து வர்றாரு. மேல ஈரச் சாக்கு வேற. நேத்தோட ஏழு நாள் பாத்துட்டேன். போய்ப் பாத்தா அங்கங்க தோண்டி மூடின தடம்."

"கேக்க வேண்டியதுதானே?"

"அந்த ஆளோட எனக்கென்ன பேச்சு? எழுதிக் குடுக்கறேன் பாரு."

சிஐடியின் பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் பயிர் வெளுத்தபோது பயந்துபோய், பக்கத்து டவுனில் இரண்டு மூட்டை உரம் வாங்கி வந்து, ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தூவிவிட்டார். 'இருந்த புழுவே கொஞ்சம். அதையும் அள்ளிட்டுப் போனா நான் எங்க போவேன்?' என்று மனசு அடித்துக்கொண்டது. தான் செய்தது அவசரத்துக்கு, அண்ணன் செய்வது திருட்டு. இதில் சிஐடிக்கு ஒரு குழப்பமும் இல்லை.

மறுநாள் காலை அதிகாரி வந்ததும் முதல் வேலையாகப் புகாரை நீட்டினார். அதிகாரி இரண்டு தடவை படித்தார்.

"மண்புழுவையா?"

"ஆமா மேடம். அவரு நிலத்துல புழு நெறைய இருந்தா அது என்னோடது."

அதிகாரி முதலில் அண்ணன் நிலத்தில் இறங்கினார். மூன்று இடத்தில் வெட்டினார். எட்டு. ஏழு. ஏழு.

"நாலு மாசம் முன்னாடி பதினெட்டு இருந்துச்சே? என்னாச்சு?"

அண்ணன் தரையைப் பார்த்தபடி நின்றார். "தெரியலைங்க."

"பக்கத்து நிலத்துலேருந்து எடுத்தீங்களா?"

"இல்லைங்க."

"நீங்க இந்தத் தடவை தேறலை. புகாரை ஆபீஸ்ல குடுத்துடறேன், விசாரிப்பாங்க."

சிஐடிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. திருடியும் தேறவில்லை பார். ஆனால் அதிகாரி தன் வரப்பில் கால் வைத்ததும் அந்தக் குளிர்ச்சி போய்விட்டது. முதல் வெட்டு. கண்ணை மூடிக்கொண்டார்.

"பதினாலு."

இரண்டாவது இடத்தில் பன்னிரண்டு. மூன்றாவதில் பதினைந்து.

"பரவாயில்லையே, நல்லா பாத்துட்டு வந்திருக்கீங்க. இங்க கையெழுத்துப் போடுங்க."

போட்டார். உரம் போட்ட மண்ணில் பதினைந்தா? அதிகாரி வண்டியை நோக்கி நடக்க, இவர் குனிந்து அந்த மண்கட்டியை எடுத்து உடைத்தார்.

புழுக்களோடு மக்கின சாணம் உதிர்ந்தது. சாணத்துக்குள் நிலக்கடலைத் தோல்.

இவர் ஜென்மத்தில் கடலை போட்டதில்லை. இந்தச் சுற்றுவட்டாரத்தில் கடலை போட்டு, அதன் தோலைச் சாணத்தோடு மக்கவைப்பது ஒரே ஒரு ஆள்தான்.

அந்த ஆள் வாய்க்காலில் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். சிஐடி போய் எதிரில் நின்றார். மூன்று வருஷத்துக்கப்புறம் வாய் திறப்பது கஷ்டமாகத்தான் இருந்தது.

"அண்ணே... ஏன்?"

"நீ உரம் வாங்கின அன்னைக்கு அந்தக் கடைக்கு எதிர்ல நானும் இருந்தேன், அரிவாள் சாணை பிடிக்க. உன் மண்ணுல ஒண்ணு ரெண்டுகூடத் தேறாதுன்னு அப்பவே தெரியும்." வாளியைக் கவிழ்த்து வைத்தார். "என் கிணத்துல தண்ணி இருக்கு தம்பி. நான் ஒருத்தன், எப்படியும் ஓட்டிடுவேன். நீ குடும்பஸ்தன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ நம்பியிருப்பியா?"

சிஐடிக்கு வெட்கமாக இருந்தது. ரோட்டுப் பக்கம் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் ஓடினார். அண்ணன் "டேய், வேணாம்டா" என்று கூப்பிட்டது காதில் விழுந்தும் நிற்கவில்லை.

மூச்சு வாங்க வண்டியை மறித்தார்.

"மேடம், அந்தப் புகார்ல திருட்டுன்னு எழுதினது வாஸ்தவம். ஆள் பேரை மட்டும் அடிச்சிட்டு என் பேரைப் போட்டுக்குங்க. இந்தப் பக்கம் நீங்க எண்ணின புழுவெல்லாம் எங்க அண்ணனோடது."