அருவிக்குத் தடை

வடகரையில் ரப்பர் வாஷர் கம்பெனி நடத்தும் பொன்செல்வி, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு குற்றம் செய்யப் போகிறாள். அதுவும் அரசு முத்திரையோடு.

"வேண்டாம்க்கா. போலீஸ் கேஸ் ஆயிரும்" என்றான் சூப்பர்வைசர் இசக்கிமணி.

"ஆர்டர் போச்சுன்னா கம்பெனியே இருக்காதுலே."

அவளிடம் வாஷர் வாங்குவது ஓசூரில் பம்ப் செய்யும் பெரிய கம்பெனி. போன மாதம் ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள். சப்ளை தடைபட என்னென்ன காரணம் இருக்கலாம் என்று கேட்டு, வெள்ளம், தீ, மின்வெட்டு, வேலைநிறுத்தம் எனப் பதினாலு கட்டம். எல்லாவற்றிலும் 'இல்லை' என்று டிக் அடித்து அனுப்பினாள். உண்மையான ஆபத்துக்கு அதில் கட்டமே இல்லை.

பக்கத்துக் குற்றாலத்தில் சாரல் தொடங்கி அருவியில் தண்ணீர் விழுந்தால், வேலையாட்களின் மதுரை, சென்னைச் சொந்தமெல்லாம் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கிவிடும். அவர்களுக்குச் சமைத்துப் போட வேண்டும், குளிக்கக் கூட்டிப் போக வேண்டும். அறுபது பேர் வேலை செய்யும் கம்பெனிக்குப் பதினொரு பேர் வருவார்கள். போன சீசனில் லோடு ஐந்து நாள் தாமதம். இன்னொரு முறை தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று ஓசூரிலிருந்து கடிதமே வந்துவிட்டது.

சனிக்கிழமை மாலை லாரி கிளம்பியாக வேண்டும். அதற்கு முன் அவர்களுடைய அதிகாரி ஜோயல் நேரில் வந்து, சரக்கைச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். சீசனுக்கு முன்பே சரக்கை முடித்துவிடலாம் என்று ஏப்ரலிலேயே கூப்பிட்டுப் பார்த்தாள். ஜூலையில்தான் தோதுப்படும் என்றுவிட்டார். இன்று புதன். பாதிச் சரக்குகூட முடியவில்லை.

'நீர்வரத்து அதிகரிப்பால் அனைத்து அருவிகளிலும் குளிக்கத் தடை' என்று முத்திரையோடு வந்த பழைய அரசு அறிவிப்பு ஒன்று அவளிடம் இருந்தது. தேதியை மட்டும் மாற்றினாள். ஞாயிறு வரை தடை. மேஜைக்குள் கிடந்த ஒரு பழைய போனிலிருந்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிட்டு, போனை அணைத்துப் போட்டாள்.

வியாழன் காலை ஐம்பத்தெட்டு பேர் வேலைக்கு வந்திருந்தார்கள்.

"மதுரைக்காரங்க வரலையாம்க்கா. பன்னெண்டு பேருக்கு இட்லி அவிக்கது மிச்சம்" என்றாள் மெஷின் ஓட்டும் பாலம்மாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். வெள்ளிக்கிழமையும் ஒரு மெஷின்கூட நிற்கவில்லை.

சனிக்கிழமை காலை கேட்டில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. பொன்செல்வி பழைய போன் கிடந்த மேஜையை அவசரமாகப் பூட்டினாள்.

"அருவிக்குத் தடைன்னு எவனோ புரளி கிளப்பியிருக்கான்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர் சுந்தரபாண்டியன். "லாட்ஜ்காரங்க பூரா ஸ்டேஷன்ல வந்து நிக்காங்க. உங்க ஆட்களுக்கு யார்ட்ட இருந்து வந்துச்சாம்?"

"எல்லாருக்கும் எல்லார்ட்ட இருந்தும் வந்திருக்கு சார்."

"போற இடத்துல எல்லாம் இதையேதான் சொல்லுதாவ. தடை கிடையாதுன்னு நாங்க போட்டா, அதைப் புரளிங்காங்க." டீயைக் குடித்துவிட்டுச் சலிப்போடு கிளம்பிப் போனார்.

லாட்ஜ்காரர்களை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கடைசிப் பெட்டியை ஒட்டி முடித்துவிட்டார்கள். லாரி வாசலில் நின்றது.

"தப்பிச்சோம்க்கா" என்றான் இசக்கிமணி. அவளுக்கும் இப்போதுதான் மூச்சு வந்தது.

பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன ஜோயலைப் பன்னிரண்டு மணி வரை காணவில்லை. பொன்செல்வி போன் போட்டாள்.

"அருவியில குளிக்கத் தடைன்னு எங்க ஆபீஸ் குரூப்லயே வந்துச்சே மேடம், பசங்க பாவம்னு நேத்தே ஊட்டிக்கு வந்துட்டோம், தடையை எடுத்ததும் சொல்லுங்க, குடும்பத்தோட வந்து கையெழுத்துப் போட்டுடறேன்!"